ரிப்பன் வெட்டாத ஸ்டேஷனிலிருந்து சம்பந்திக்கு

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தி என்று தங்களை அழைக்கும் உரிமை இன்று காலை வரை எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படி அழைப்பது என்றும் தெரியாததால், தங்களிடமிருந்து மறுப்பு வரும்வரை இப்படியே எழுதுகிறேன்.

இங்கே நான், என் மனைவி, மகள், போர்ட்டர், பிளாட்பாரம் எல்லோரும் சுகம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் சாயங்கால வண்டியில் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்து, கைகால் கழுவி, என்னைத் திட்டி முடித்து, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திட்டி முடிக்காவிட்டாலும் பாதகமில்லை. இந்தக் கடிதம் நாளைய வண்டியில், கொடி காட்டும் கார்டு கையில் வரும். அதுவரை தாராளமாகத் திட்டலாம்.

இதை ஸ்டேஷன் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீடு எதிரில்தான், சாலையைத் தாண்டினால் வாசற்படி. ஆனால் போக முகமில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது. பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்கிறது. என் மனைவி கோபம் வந்தால் பேசமாட்டாள், அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசும். இன்றைக்கு அவை நிறையப் பேசுகின்றன. போர்ட்டரும் என்னோடு உட்கார வெட்கப்பட்டுக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு எந்த முடிவு எடுத்தாலும் சரி, தெரிந்து எடுத்ததாக இருக்கும்.

காலை வண்டியிலிருந்து தாங்கள் இறங்கியபோது நான் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். அந்தக் கோட்டு என் கல்யாணத்துக்குத் தைத்தது, பொத்தான் மூடினால் மூச்சு விட முடியாது. அதனால் தங்களை வாய் நிறைய வரவேற்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் மன்னிக்க வேண்டும், அது மூச்சுத் திணறல். மாப்பிள்ளை எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தார். வண்டி போய்விட்டது. இறங்கியவர்களிடம் நான் பயணச்சீட்டு வாங்கிக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சம்பந்தி அம்மா கையில் பையோடு ஹாலுக்குள் புகுந்து, நேரே முன்வாசலை நோக்கி நடந்தார்கள். அங்கே குறுக்கே சிவப்பு ரிப்பன். நான் ஓடினேன்.

"அம்மா, அந்தப் பக்கம் வேண்டாம்! இப்படி வாங்க, பார்சல் ரூம் வழியா!"

அவர்கள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"பார்சல் ரூம் வழியாவா? நாங்க என்ன மூட்டையா?"

நான் உடனே விளக்கியிருக்க வேண்டும். ஆனால் பொத்தான் இறுக்கத்தில் "எல்லாரும் அப்படித்தாம்மா" என்பதற்கு மேல் வரவில்லை. அதற்குள் தாங்கள் வந்துவிட்டீர்கள். கதவு நிலை செய்வதே தங்கள் தொழில் என்று தெரிந்தும், தங்களைப் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கூப்பிட நேர்ந்த என் தலைவிதியை என்ன சொல்ல! தாங்கள் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. "காலம் பூரா நாலு பேருக்கு வாசல் செஞ்சு குடுத்தவன் நான். பொண்ணு வீட்டுக்கு முதல் முதலா வர்றேன். வாசல் வழியா கூப்பிட்டா வர்றேன். இல்லேன்னா சாயங்கால வண்டி வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டுப் பிளாட்பாரத்துக்குத் திரும்பிப் போய், இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். அங்கே உட்காராதீர்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஒரே நாளில் இரண்டு முறை தடுத்தால் என்ன ஆகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஸ்டேஷன் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் திமிர் பிடித்தவன் என்று ஆகிவிடும்.

முதலில் இங்கே ஸ்டேஷனே கிடையாது. ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. நீராவி எஞ்சின் காலத்தில் வண்டி இங்கே நின்று தண்ணீர் குடிக்கும். குடிக்கிற நேரத்தில் டிரைவர் இறங்கி மரத்தடியில் சாய்வார். சாய்ந்தவர் தூங்கிவிடுவார். எஞ்சின் குடித்து முடித்துக் காத்திருக்கும். அக்கம்பக்கத்து ஜனங்கள் நிற்கிற வண்டியில் ஏறிக்கொள்ளவும் இறங்கிக்கொள்ளவும் பழகினார்கள். இத்தனை பேர் ஏறுகிறார்களே என்று மேலிடத்தில் ஒரு கட்டடம் கட்டினார்கள். கட்டியவர்கள் புத்திசாலிகளாக இருந்தால் மரத்தை வெட்டியிருப்பார்கள். அவர்கள் மரத்தை விட்டுவிட்டு அதன் அடியில் பெஞ்சும் போட்டார்கள். அந்த இடத்தில் என்னதான் இருக்கிறதோ! வடக்கே இரண்டு மேடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு காற்று வரும். வேகமும் இருக்காது, சத்தமும் இருக்காது. தண்டவாளத்தோரப் புல்லை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு வந்து முகத்தைத் தடவும். தூரத்தில் தண்டவாளம் வெயிலில் நெளியும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைப்பீர்கள்.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி தனி வண்டியில் வந்தாராம். முன்வாசலில் ரிப்பன் கட்டி, தட்டில் கத்தரிக்கோல் வைத்து, வாத்தியக்காரர்கள் வரிசையாக நிற்க, எல்லாம் தயார். குறித்த நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். சுற்றியிருந்த எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய அதிகாரியை எழுப்பும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை. நேரம் வந்தது, போனது. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், அவர்களும் போய்விட்டார்கள், அதாவது தூக்கத்துக்கு. பொழுது சாயும்போது தனி வண்டி கிளம்ப ஹாரன் அடித்தது. அதிகாரி பதறி எழுந்து, தொப்பியை மறந்து, "இன்னொரு நாள் வந்து வெட்டிக்கலாம், அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார். முதல் ஸ்டேஷன் மாஸ்டர் கண்டிப்பானவர். அப்படியே இருக்கட்டும் என்றால் அப்படியே இருக்க வேண்டும். மறுநாளிலிருந்து ஜனங்களைப் பார்சல் ரூம் வழியாக விட்டார்.

அதிகாரி வரவே இல்லை. கேட்டு எழுதினால், அந்த ஸ்டேஷன்தான் திறந்தாகிவிட்டதே, வண்டி நிற்கிறதே என்று பதில் வந்தது. இங்கே திறக்கவில்லை, அங்கே திறந்தாகிவிட்டது. இரண்டும் உண்மை. நாங்கள் பார்சல் ரூம் வழியாகவே போய் வந்து பழகிவிட்டோம். இந்தப் பக்கத்து மாப்பிள்ளைகள் பெண்கள் எல்லோரும் பார்சல் தராசைச் சுற்றிக்கொண்டுதான் புது வாழ்க்கைக்குப் போயிருக்கிறார்கள். தடிமனான ஆட்கள் தராசில் இடித்துக்கொண்டு எடை தெரிந்து வருத்தப்படுவதும் உண்டு.

ரிப்பன் வெயிலில் வெளுக்கும், மழையில் இற்றுப்போகும். மாற்ற வேண்டியது ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்பு. அதற்கு ஒரு முறை உண்டு. புது ரிப்பனைக் கட்டிய பிறகுதான் பழையதை அவிழ்க்க வேண்டும். ஒரு நொடிகூட வாசல் சும்மா இருக்கக் கூடாது, இருந்தால் திறந்ததாக ஆகிவிடும். எனக்கு முன்பு இருந்தவர் காலத்தில் ஒரு ஆடு வந்து ரிப்பனைத் தின்றுவிட்டதாம். பெரிய சர்ச்சை ஆகிவிட்டது. ஸ்டேஷன் திறந்துவிட்டது என்று பாதிப் பேர், ஆட்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று மீதிப் பேர். கடைசியில், ஆடு தின்றதே தவிர வாசலைத் தாண்டவில்லை, தின்ற இடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டது என்று, தினமும் இங்கே வண்டி ஏறும் காய்க்காரம்மா சாட்சி சொன்ன பிறகுதான் விஷயம் அடங்கியது.

ஒரு ரிப்பன், வெட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்கா சம்பந்தியை அவமானப்படுத்துவது என்று தாங்கள் கேட்கலாம். நியாயம். போன வருஷம் வரை நானே வெட்டியிருப்பேன். போன வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி சின்ன ஸ்டேஷன்களை மூடுவதற்காக வந்தார். சுற்றுமுற்றும் நாலைந்து ஸ்டேஷன்களை மூடிவிட்டு, சூட்டோடு சூடாக இங்கே வந்தார். ரிப்பனைப் பார்த்தார். கதையைக் கேட்டார். தலையைச் சொறிந்தார். "திறக்காத ஸ்டேஷனை எப்படிங்க மூடறது? முதல்ல திறந்தாத்தானே மூட முடியும்?" என்று என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். யோசிக்கிறேன் என்று பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் போர்ட்டர் எழுப்பி ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு ஆள் வரவில்லை. ஆக, எங்களைக் காப்பாற்றுவது அந்தத் துணித் துண்டுதான். வெட்டினால் திறந்துவிடும். திறந்தால் மூடிவிடுவார்கள். மூடினால் காய்க்காரம்மா சந்தைக்குப் போக முடியாது, என் மகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போக முடியாது, நான் எதிர்வீட்டில் இருக்க முடியாது. இது ஒரு பக்கம். மறுபக்கம், வெட்டாவிட்டால் தாங்கள் உள்ளே வரமாட்டீர்கள். தாங்கள் வராவிட்டால் என் மகள் கல்யாணம் என்ன ஆவது?

மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தங்கள் மகன் இந்த வண்டியில் உதவி டிரைவராக வந்த கதை தங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கத்துக் கதை தெரியாது. மேட்டு வளைவில் வரும்போது வண்டி நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். தூங்குகிறவர்களுக்காக இந்த ஸ்டேஷனுக்கென்றே ஏற்பட்ட வழக்கம் அது. சில மாதம் முன்பு அந்த நீள ஹாரனுக்குப் பின்னால் குட்டியாக ஒன்று கேட்க ஆரம்பித்தது, விக்கல் மாதிரி. நான் பொறுப்புள்ளவன். ஹாரனில் கோளாறு என்று மேலே எழுதினேன். மெக்கானிக்குகள் அதைக் கழற்றி, ஊதிப் பார்த்து, எண்ணெய் விட்டு மாட்டினார்கள். மறுநாளும் விக்கியது. மறுபடியும் எழுதினேன். புது ஹாரனே மாட்டினார்கள். புது ஹாரன் முதல் நாளே விக்கியது. மூன்றாவதாக எழுத உட்கார்ந்தபோது என் மகள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "அப்பா, அந்த ஹாரனைப் பாவம் விட்டுடுங்க. அது எனக்கு அடிக்கறது" என்றாள். சம்பந்தி அவர்களே, எக்ஸ்ரே எடுக்கிற பெண், அடுத்தவர் எலும்பையெல்லாம் பார்த்தவள், முகம் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கு நான் எதுவுமே பெரிதாகச் செய்ததில்லை. இந்த ஒரு கல்யாணத்தையாவது இடறாமல் நடத்திவைக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா!

சரி, பெஞ்சுக்கு வருகிறேன். தாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தங்கள் கோபம் கண்களிலிருந்து இறங்கித் தாடைக்கு வந்து, தாடையிலிருந்து தோளுக்கு வந்து, அப்படியே கழன்று விழுந்துவிட்டது. வாய் திறந்து தூங்கினீர்கள். சம்பந்தி அம்மா பையை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து தூங்கினார்கள். என் மனைவி சமைத்ததையெல்லாம் தூக்குகளில் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கே வந்து, தூங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். மறுபடி திரும்பிப் போனாள். சாப்பாடு இன்றைக்கு நடந்த தூரம் நான் நடந்ததில்லை.

போர்ட்டர் என் காதருகே வந்து, "சார், எழுப்பவா?" என்றான். இவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் இவனுக்கு அலாரம் என்று பெயர். தூங்குகிற பயணிகளை வண்டி வருவதற்குள் எழுப்புவதுதான் இவனுக்கு முக்கால்வாசி வேலை. ஆளுக்கொரு விதமாக எழுப்புவான். காய்க்காரம்மாவின் காதில் கத்தரிக்காயைப் பாதி விலைக்குக் கேட்பான், அந்த அம்மாள் சண்டைக்கு எழுந்துகொள்வாள். தையல்காரரிடம் "சட்டை சுருங்கிப்போச்சு" என்பான். வாத்தியார் ஒருவரை மட்டும் எதுவும் எழுப்பாது, அவரை அப்படியே தூக்கி ஏற்றிவிட வேண்டும், இறங்கும் ஊரில் அவர் மனைவி வாங்கிக்கொள்வாள். ஆனால் அலாரத்துக்கு ஒரு கொள்கை உண்டு. முன்கூட்டிச் சொல்லி வைத்தவர்களைத்தான் எழுப்புவான். சொல்லாதவர்களைத் தொட மாட்டான், "அவங்க தூக்கம், நமக்கென்ன உரிமை?" என்பான். தாங்கள் இருவரும் சொல்லி வைக்கவில்லை. அதனால்தான் என்னிடம் அனுமதி கேட்டான்.

"வேண்டாம்டா," என்றேன். "எழுந்தா நான் என்ன சொல்றது?"

"அதுவும் சரிதான் சார். எழுப்பறது சுலபம், அப்புறம்தான் கஷ்டம்."

என் மகள் லீவு போட்டிருந்தாள். வந்து தரையில், சம்பந்தி அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "அப்பா, நீங்க போய் கோட்டைக் கழட்டுங்க, மூஞ்சி நீலமாயிட்டுது" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மனசு உடைந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு, மனைவியின் தையல் மெஷினிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். வெட்டிவிடுவது என்று முடிவு. ஸ்டேஷன் போனால் போகட்டும். நான் எங்காவது போய் யார் வாசலிலாவது டிக்கெட் கிழித்துப் பிழைத்துக்கொள்வேன். தாங்கள் கண் விழிக்கும்போது வாசல் திறந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ரிப்பன் முன்னால் போய் நின்றேன். கத்தரிக்கோலைத் திறந்தேன், மூடினேன். வாசலுக்கு அந்தப் பக்கம் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் என் வீடு, எல்லாம் வெயிலில் ஆளரவமில்லாமல் கிடந்தன. இந்த வாசல் வழியாக என் வீட்டை நான் நேராகப் பார்த்ததே இல்லை போலிருந்தது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வெட்டலாம் என்று ஹாலில் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பெஞ்சில் உட்காரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான் ஜாக்கிரதையானவன். ஆனால் அந்தக் காற்று பிளாட்பாரத்தைத் தாண்டி ஹாலுக்குள் வந்து என்னைத் தேடிப் பிடித்துவிட்டது.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லாத தலை, பழைய காலத்து உடுப்பு. "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார். "நேரமாயிட்டுதுங்க" என்றேன். "ரொம்பவா?" என்றார். "ரொம்பத்தான்" என்றேன். அவர் வருத்தப்படவில்லை. ரிப்பனுக்கு அந்தப் பக்கம் சாலை முழுக்க ஜனங்கள் நின்றார்கள். காய்க்காரம்மா, தையல்காரர், எனக்கு முன்பிருந்த மாஸ்டர்கள், வாத்தியக்காரர்கள், அந்த ஆடுகூட நின்றது. யாருக்கும் அவசரமில்லை. ஆற்றங்கரையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களைப் போல நின்றார்கள். கூட்டத்துக்கு நடுவே என் மகள், இத்தனை சின்னப் பெண்ணாக, என் விரலைத் தேடிக் கையை நீட்டினாள். நான் நீட்டிய கையில் கத்தரிக்கோல் இருந்தது. "கொஞ்சம் இருங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். "எல்லாரும் நல்லா தூங்கிக்கட்டும்." அப்போது வெகு தூரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று. பிறகு குட்டியாக ஒன்று.

கண் விழித்தபோது பொழுது இறங்கிவிட்டது. வண்டி வந்து போய்விட்டது. பிளாட்பாரத்துக்கு ஓடினேன். பெஞ்சு காலி. தாங்கள் இல்லை, சம்பந்தி அம்மா இல்லை, பை இல்லை. ரிப்பன் மட்டும் இருந்தது. அலாரம் என்னையும் எழுப்பவில்லை, ஏனென்றால் நான் தூங்கப்போகிறேன் என்று அவனிடம் சொல்லி வைக்கவில்லை. இன்னொரு விஷயம், எழுதக் கூச்சமாக இருக்கிறது, மடியிலிருந்த கத்தரிக்கோலையும் காணவில்லை. தங்களை நான் சந்தேகப்படுகிறேன் என்று ஒருபோதும் நினைக்க வேண்டாம். கோபத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப்போவது மனித இயல்பு. ஆனால் அது என் மனைவிக்கு அவள் அம்மா கொடுத்தது.

விருந்தாளியை வாசலில் தடுத்து, பட்டினி போட்டு, வழியனுப்பக்கூட எழுந்திருக்காத ஒருவன் வீட்டில் பெண் எடுப்பார்களா? நானாக இருந்தால் எடுக்கமாட்டேன். ஆனாலும் கேட்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை. குற்றம் முழுக்க என் ஒருவனுடையது, அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. நாளைக் காலை விடிந்ததும், வேறு கத்தரிக்கோல் கிடைக்காவிட்டால் பல்லால் கடித்தாவது அந்த ரிப்பனை அறுத்துவிடுகிறேன். மூடினால் மூடட்டும். நீங்கள் இரண்டு பேரும் இன்னொரு தடவை வாருங்கள், முன்வாசல் வழியாக, தலை நிமிர்ந்து வாருங்கள். நான் கோட்டுப் போடமாட்டேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் தாழ்மையான வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், ஹாரன் எப்போதும்போல ஒலிக்கட்டும். தங்கள் பட்டறையில் செய்யும் ஒவ்வொரு வாசலும் நல்லவர்கள் நுழைய, மனத்தாங்கல் வெளியேற நீடூழி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாக இருக்க விரும்பும்,
ஸ்டேஷன் மாஸ்டர்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து.

கையெழுத்துப் போட்டு மடிக்கும்போது அலாரம் வந்து, "சார், அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க உங்களுக்காக இவ்வளவு நேரம் இலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றான். எந்தச் சம்பந்தி என்று கேட்டேன். "உங்களுக்கு எத்தனை சம்பந்தி சார்?" என்றான். ஓடினேன். தாங்கள் என் வீட்டுக் கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வாங்க சம்பந்தி, நல்ல தூக்கமா?" என்று என்னை வரவேற்றீர்கள். சாயங்கால வண்டியில் தாங்கள் ஏறவே இல்லை என்பதும், என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி அம்மா பார்சல் ரூம் வழியாகவே வந்துவிட, தாங்களும் பின்னாலேயே வந்தீர்கள் என்பதும், என்னைத் தாண்டிப் போகும்போது "கையைக் கிழிச்சுக்கப் போறாரு" என்று தாங்கள்தான் கத்தரிக்கோலை மெதுவாக எடுத்து மெஷினில் சேர்த்தீர்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் ஏதோ முக்கியமாக எழுதுகிறேன், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தாங்களே எல்லோரையும் தடுத்தீர்களாம். தங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சம்பந்தி அம்மா விடவில்லை. "பையன் எஞ்சின்ல ஏறின நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் கிடையாதுங்க. ராத்திரி டூட்டின்னா விடிய விடிய முழிச்சிருப்பேன். இப்ப பகல் வண்டிதான், ஆனாலும் பழகின கண்ணு மூட மாட்டேங்குது. டாக்டர் மாத்திரை குடுத்தாரு, மாத்திரையும் நானும் சேர்ந்து முழிச்சிருந்தோம். இன்னிக்கு அந்த பெஞ்சுல உக்காந்ததுதான் தெரியும். அப்புறம் ஹாரன் கேட்டுச்சு பாருங்க, நீளமா ஒண்ணு, குட்டியா ஒண்ணு. கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, என் புள்ள வந்துட்டான்னு. கண்ணைத் திறந்தா எதிர்ல உங்க பொண்ணு. அவளும் அந்த ஹாரனைத்தான் கேட்டுக்கிட்டிருந்தா. அவ மூஞ்சியைப் பாத்தப்பறம் எனக்கு வேற என்ன கேள்வி இருக்கு?" என்றார்கள். அப்புறம் விரலை ஆட்டி, "அந்த ரிப்பனைத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். ஸ்டேஷனை மூடிட்டா நான் எங்க போய் தூங்கறது?" என்றார்கள்.

ஆகவே ரிப்பன் அப்படியே இருக்கும். தாங்களும் முன்வாசல் நிலையைத் தட்டிப் பார்த்து, ஆள் நடமாடாததால் மரம் புதுசு மாதிரி இருக்கிறது, இதை யாரும் நடந்து தேய்க்க வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். பார்சல் ரூம் நிலைதான் தலையில் இடிக்கிறது, கல்யாணத்துக்குள் அகலமாக ஒன்று செய்து போட்டுவிடுகிறேன் என்று டேப்பை எடுத்துக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்து, இப்போது பக்கத்து அறையில் அளந்துகொண்டிருக்கிறீர்கள். விளக்குப் பிடிக்கக் கூப்பிடுகிறீர்கள், இதோ வந்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தை இந்நேரம் கிழித்துப் போட்டிருப்பேன். ஒரே ஒரு விஷயத்துக்காக வைத்திருக்கிறேன். நாம் கிளம்பும்போது நீங்கள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தீர்கள், அதனால் பார்த்திருக்கமாட்டீர்கள். சம்பந்தி அம்மா கூடத்தில் பாயில் படுத்து மறுபடியும் தூங்கிவிட்டார்கள். அங்கே அந்த மரமும் இல்லை, காற்றும் இல்லை, ஃபேன்கூடக் கடகடவென்று சத்தம் போடும். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விளக்கை அணைக்க எழுந்தாள். தூக்கத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் கூடத்து விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.